ஆரம்பத்தின் குணதோஷம்

திருவனந்தபுரத்துச் சாலைக் கம்போளம் என்ற கடைத்தெருவை ஏற்படுத்திய ராஜா கேசவதாஸ், வாலிபப் பிராயத்தில் போக்கு மூசா மரைக்காயர் என்ற வர்த்தகரிடம் வேலை பார்த்து வந்தபோது, ஓரிரவு எஜமானருடன் அரண்மனைக்குப் போய் அங்கேயே ஒரு பக்கமாகக் கண்ணயர்ந்துவிட, விடியற்காலையில் எழுந்து வந்த கார்த்திகைத் திருநாள் மகாராஜா அந்த ஏழைப் பையனுடைய முகத்தில் விழித்து, அதை அபசகுனமென்று கருதிக் காவலில் வைக்கச் சொன்னாரென்று ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. அன்று பொழுது போவதற்குள் மகாராஜாவுக்கு நல்ல செய்தி ஒன்று எட்டிற்றாம்; உடனே அபசகுனம் சுபசகுனமாயிற்று, கைதி அரண்மனைச் சேவகத்தில் அமர்ந்தார்.

கதையின் உண்மை எப்படியிருந்தாலும், அது எழுப்பும் கேள்வி புறக்கணிக்கத் தக்கதன்று. முகமும் ஒன்றே, விழித்த வேளையும் ஒன்றே. அப்படியானால் சுபமும் அசுபமும் ஒரு தொடக்கத்தின் சுபாவத்திலேயே இருக்கின்றனவா, அல்லது பலனைக் கண்ட பிறகு நாம் அதன்மேல் ஏற்றி வைப்பவையா?

நம் தார்க்கிகர்கள் இதை மூடநம்பிக்கையென்று தள்ளிவிடாமல் வாதத்துக்கு எடுத்துக்கொண்டார்கள் என்பது அவர்களுக்குப் பெருமை. மங்களம் கூறித் தொடங்கியும் முற்றுப்பெறாத நூல்கள் இருக்க, கூறாமலே முற்றுப்பெற்றவையும் இருக்க, நூல் நிறைவேறுவதற்கு மங்களம் காரணமாவது எப்படி என்ற ஆட்சேபத்தை, அன்னம்பட்டர் தம் தர்க்க சங்கிரகத்துக்குத் தாமே எழுதிய தீபிகையின் முகப்பிலேயே வைக்கிறார். பாணபட்டரையே பாருங்கள்: தேவதா வந்தனத்தோடு காதம்பரியைத் தொடங்கியவர் அவர், முடித்தவரோ அவருடைய புத்திரர். விக்கினங்கள் மங்களத்தைவிட மிகுந்திருந்தன என்றும், எழுதாதவர் நூலுக்குப் புறம்பே மங்களம் செய்திருப்பார் என்றும் அன்னம்பட்டர் சமாதானம் சொல்கிறார். நாஸ்திகனுடைய நூலும் நிறைவேறுகிறதே என்று கேட்டால், பூர்வஜன்மத்தில் செய்த மங்களத்தை அனுமானித்துக்கொள்ளலாம் என்கிறது முக்தாவளி என்ற தர்க்க நூல். சாமர்த்தியமான பதில்தான், ஆனால் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பத்தைக் கற்பிப்பதில் இதற்கும் மகாராஜாவின் மனமாற்றத்துக்கும் அதிக பேதம் எனக்குப் புலப்படவில்லை.

மேலும், எந்த முடிவை முடிவென்று கொள்வது? 1789-இல் திவானாகி, திப்புவின் படையெடுப்பைச் சமாளித்து, ராஜா என்ற பட்டமும் பெற்ற கேசவதாஸ், 1798-இல் மகாராஜா காலமானதும் பதவி பறிக்கப்பட்டு, மறு வருஷமே மாண்டார். நஞ்சூட்டிக் கொன்றார்கள் என்று சொல்வோரும் உண்டு. அந்த அந்திம காலத்திலிருந்து திரும்பிப் பார்த்தால் அரண்மனையில் விடிந்த அந்தக் காலை சுபமா, அசுபமா? அவர் வகுத்த கடைத்தெருவோ அவருக்குப் பின் இருநூறு வருஷங்களுக்கு மேலாகியும் ஜனசந்தடி குறையாமல் நடந்துவருகிறது. அதையும் கணக்கில் சேர்த்தால் தீர்ப்பு மறுபடியும் மாறும்.

தீயைப் புகை சூழ்வது போல எல்லா ஆரம்பங்களையும் தோஷம் சூழ்ந்திருக்கிறதென்று கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில் பகவான் சொல்வது இந்த இடத்தில் பெரிய ஆறுதல். அப்பழுக்கற்ற முகூர்த்தத்தைத் தேடிக் காத்திருப்பவன் எந்தக் காரியத்திலும் இறங்கப் போவதில்லை. தோஷத்துக்கு அஞ்சி ஸ்வகர்மத்தைக் கைவிடலாகாது என்பதே அங்கே உபதேசம்.

சாலை வியாபாரிகள் இந்த விசாரங்களில் புகுவதில்லை. கிழக்கேகோட்டையருகே பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்து கடை திறப்பவருக்கு, முதல் கிராக்கியை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராது. அசலுக்கே கொடுத்தாவது போணி பண்ணி, வாங்கிய காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போடுவார். அன்றைய வியாபாரம் அந்தக் காசினால் பெருகுமென்று நிரூபிக்க என்னால் ஆகாது. ஆனால் பலன் தம் வசத்தில் இல்லையென்று உணர்ந்த ஒருவர், அதைக் கேட்பதற்கு முன் தம் லாபத்திலிருந்து சிறிது விட்டுக்கொடுக்கிறார் என்ற அளவில், அது தார்க்கிகருடைய அனுமானத்தைவிட எனக்கு உயர்ந்த மங்களமாகவே படுகிறது. அடுத்து வருகிறவரிடம் அவர் அந்த லாபத்தையும் சேர்த்து வசூலித்துவிடுகிறார் என்பது வேறு விஷயம்.