விடுதிக் காப்பாளர் போட்ட கையெழுத்து

2009ஆம் ஆண்டு, அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில் பள்ளிச் சிறுமிகளுக்கு, கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி போடப்பட்டது. அவர்களில் பலர் பழங்குடிப் பிள்ளைகள். விடுதியில் தங்கிப் படித்தவர்கள். ‘பாத்’ என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடும் மாநில அரசோடும் சேர்ந்து நடத்திய திட்டம் அது. குஜராத்தின் வதோதராவிலும் இதே திட்டம் நடந்தது. ஆந்திரத்தின் சம்மதப் படிவங்களைப் பற்றி 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு தன் அறிக்கையில் ஒரு கணக்கு தந்தது. 9,543 படிவங்களில் 1,948இல் கைநாட்டு இருந்தது. 2,763 படிவங்களில் விடுதிக் காப்பாளரே கையெழுத்துப் போட்டிருந்தார்.

இரண்டு இடங்களிலுமாக ஏழு சிறுமிகள் இறந்தார்கள். பாம்புக்கடி, நீரில் மூழ்கியது, பூச்சிமருந்து, காய்ச்சல் என்று விசாரணையில் காரணங்கள் வெளிவந்தன. ஊசிதான் காரணம் என்று சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. ஆனாலும் 2010 ஏப்ரலில் திட்டம் நின்றது. மகளுக்கு இந்த ஊசி வேண்டாம் என்று இன்றைக்குச் சொல்பவர்களில் சிலர் கம்மத்தைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். அங்கே நடந்தது அநியாயம், சந்தேகமில்லை. ஆனால் அந்த அநியாயம் படிவத்தில் இருந்தது, மருந்துக் குப்பியில் இல்லை.

குப்பியில் இருப்பது என்ன என்பது இப்போது நன்றாகவே தெரியும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் உலக அளவில் சுமார் 70 சதவீதம், எச்.பி.வி. வைரஸின் 16, 18 என்ற இரண்டு வகைகளால் வருவது. கிருமி உடலுக்குள் வருவதற்கு முன்பே போட்டால்தான் ஊசி முழுப் பலன் தரும். 9 முதல் 14 வயது என்று சொல்வது அதனால்தான். ஸ்காட்லாந்தில் 2008இல் பள்ளிகளில் போடத் தொடங்கினார்கள். 12, 13 வயதில் முழுதாகப் போட்டுக்கொண்டவர்களில் ஒருவருக்குக்கூட கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரவில்லை என்று 2024இல் வெளியான ஆய்வு சொன்னது. ஊசி போட்ட கை வலிக்கும், சில பிள்ளைகளுக்கு மயக்கம் வரும். கால் மணி நேரம் உட்கார வைத்து அனுப்புகிறார்கள். கடும் ஒவ்வாமை மிக அபூர்வம்.

“ஊசி எதற்கு, பிற்காலத்தில் பரிசோதனை செய்துகொண்டால் போதாதா?” என்ற கேள்வி காகிதத்தில் நியாயமானது. நடப்பு வேறு. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் எப்போதாவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 100க்கு இரண்டு பேர்கூட இல்லை. வெள்ளைப்படுவதையே வீட்டில் சொல்லாதவர்கள் நம் பெண்கள். தீட்டு நின்று பல வருடம் ஆனபின் மறுபடி ரத்தம் பட்டால், அதையும் சில மாதம் துணிக்குள் மறைத்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரி வாசலுக்கு வருகிறார்கள். அதற்குள் நோய் முற்றி, “கரண்ட் வைக்கணும்” என்ற கதிர்வீச்சு சிகிச்சைக் கட்டத்துக்கு வந்துவிடுகிறது. இந்தியாவில் ஆண்டுக்கு 75 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்த நோயால் இறக்கிறார்கள்.

ஆகவே, ஊசி போடுவதே சரி. இதில் நடுநிலை காட்டுவது நாணயமாகாது. மகளுக்காக முடிவெடுக்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. ஆனால் அது அவர்களுடைய சொத்தல்ல, அவள் வளரும்வரை அவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பு. ‘வேண்டாம்’ என்பதன் விலையைக் கொடுக்கப் போகிறவள் 40 வயதில் இருக்கும் அந்த மகள். அன்றைக்கு அவளிடம் என்ன காரணம் சொல்வது?

பல வீடுகளில் உண்மையான தயக்கம் பக்கவிளைவைப் பற்றியது அல்ல. உடலுறவால் பரவும் கிருமி என்ற ஒரு வரிதான் தடுக்கிறது. எட்டாவது படிக்கிற பிள்ளைக்கு இதை எப்படிப் போடுவது என்ற கூச்சம். அதைப் போக்க, “ஒழுக்கமாக இருக்கிற பெண்ணுக்கும் கணவன் மூலமாக வரலாம்” என்று சொல்வார்கள். தகவல் சரிதான், கையெழுத்தும் சுலபமாகக் கிடைத்துவிடும். ஆனால் ஒழுக்கமில்லாதவளுக்கு வந்தால் பரவாயில்லை என்ற நினைப்பை அது தொடாமலே விட்டுவிடுகிறது. ரத்தம் படுவதை மறைக்க வைப்பதும் அதே நினைப்புதான். புற்றுநோய் யாருக்கும் தண்டனையாக வருவதில்லை. கிருமியைச் சுமப்பதில் ஆணுக்கும் சரிபங்கு உண்டு. ஆஸ்திரேலியா 2013 முதல் பள்ளிப் பையன்களுக்கும் இந்த ஊசியைப் போடுகிறது. இங்கே அந்தப் பேச்சே இன்னும் சூடு பிடிக்கவில்லை.

கம்மத்தின் விளைவு இன்னொன்றும் உண்டு. அதே 2009இல், இரண்டு தவணை போதுமா, மூன்று வேண்டுமா என்று பார்க்க நாட்டின் பல ஊர்களில் தனியாக ஓர் ஆய்வு தொடங்கியிருந்தது. திண்டுக்கல் மாவட்டத்து அம்பிளிக்கையும் அதில் ஒன்று. எச்.பி.வி. ஆய்வுகள் எல்லாவற்றையும் அரசு நிறுத்தச் சொன்னபோது இதுவும் நின்றது. 4,949 சிறுமிகள் ஒரே தவணையோடு பாதியில் நின்றார்கள். ஆய்வாளர்கள் அவர்களைக் கைவிடாமல் ஆண்டுக்கணக்கில் கவனித்து வந்தார்கள். ஒரு தவணையே இரண்டு, மூன்று தவணைகளுக்கு ஈடாகக் காக்கிறது என்று 2021இல் முடிவு வந்தது. மறு ஆண்டு உலக சுகாதார நிறுவனம் ஒரு தவணையை ஏற்றுக்கொண்டதற்கான ஆதாரங்களில் இதுவும் இருந்தது. ஒரு தவணை சுமார் 2,000 ரூபாய்க்கு விற்கும் உள்நாட்டு ஊசியைக்கூட வாங்க முடியாத வீடுகளுக்கு, அரசு இலவசமாகப் போடுவது இதனால் எளிதாகிறது. இந்த நன்மையைக் காட்டி கம்மத்துக் கையெழுத்தை நியாயப்படுத்த முடியாது. யாரும் திட்டமிட்டுச் செய்த நன்மையும் அல்ல அது.

பள்ளியிலிருந்து வரும் சம்மதப் படிவம் புத்தகப் பைக்குள் மடங்கிக் கிடந்து, வேன் வரும் நேரத்தில் “கையெழுத்துப் போடும்மா” என்று நீட்டப்படுகிறது. படிக்காமல் போட்டால் அதுவும் காப்பாளர் போட்ட கையெழுத்தின் இன்னொரு வடிவம்தான். ஒரு வாரம் முன்னதாகவே பெற்றோரைக் கூப்பிட்டுப் பேசுவது பள்ளிக்கு முடியாத காரியமல்ல. சட்டம் கேட்பது பெற்றோரின் சம்மதத்தை. ஆனால் 13, 14 வயதுப் பெண்ணுக்கு விளக்கம் கேட்க உரிமை உண்டு, அவளுக்குப் புரியும். என்ன நோய், எப்படி வருகிறது, ஊசி எதைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்று நேராகச் சொல்லலாம். இந்த ஊசி எல்லா வகைகளையும் தடுப்பதில்லை, அதனால் 30 வயதுக்குப் பிறகு பரிசோதனைக்கும் போக வேண்டும் என்பதை ஊசி போடும் அன்றே அவள் காதில் போட்டு வைக்க வேண்டும்.