தீர்வுள்ள நோயும் நோன்பின் எல்லையும்

திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையில் உச்சிப்பிள்ளையார் கோயிலை அடுத்த பாறைச் சரிவில் ஓர் இயற்கைக் குகை உண்டு. அதனுள் சமண முனிவர்கள் தங்கித் தவமியற்றிய கற்படுக்கைகள் உள்ளன. ஊர்ப்பெயரில் நிற்கும் 'பள்ளி' என்னும் சொல் அவ்வறவோரின் உறைவிடத்தையே குறிக்கும் என ஆய்வாளர் பலர் கருதுவர். காவிரியைக் கடந்தால் திருவரங்கம். அங்கே அரங்கநாதர் கோயிலில் ஆரோக்கியசாலை ஒன்று இருந்தது. சிதைந்துபோன அதனைப் புதுப்பித்துத் தன்வந்திரியின் உருவத்தையும் நிறுவிய செய்தியை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது.

ஆற்றின் ஒரு கரையில் உடற்பற்றை விடப் பயின்ற இடம். மறு கரையில் உடற்பிணியைத் தீர்க்க முயன்ற இடம். நோன்பும் மருந்தும் ஒன்றோடொன்று முரண்படுவனவா? நம் இல்லங்களில் நீண்டகால நோயுற்ற ஒருவர் இருக்கும்போது இவ்வினா ஏட்டளவில் நில்லாது, அடுக்களை வரை வந்துவிடுகிறது. அதனை ஒரு நோயை முன்வைத்து ஆராய்வோம்.

நம் உடலில் நோய் எதிர்ப்பாற்றல் என்னும் காவற்படை ஒன்று உள்ளது. இது தன் உடல், இது அயல் எனப் பிரித்தறிவதே அதன் முதற்கடமை. எச்.ஐ.வி. கிருமியால் இப்படை நலிவதுண்டு. அந்நோய் இந்தியாவில் முதன்முதலாகச் சென்னையில் 1986ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. வேறு சிலருக்குப் படை நலிவதில்லை. ஆனால் தன்னையே அயலென மயங்கித் தாக்குகிறது. முடக்குவாதத்தில் மூட்டுகளைத் தாக்குவதும், லூப்பஸ் நோயில் தோல், சிறுநீரகம் முதலியவற்றைத் தாக்குவதும் இம்மயக்கமே. சிறுவர்க்கும் இளைஞர்க்கும் மிகுதியாக வரும் முதல் வகை நீரிழிவும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. கணையத்தில் இன்சுலின் சுரக்கும் உயிரணுக்களை எதிர்ப்பாற்றலே அழித்துவிடுகிறது. இனிப்பு மிகுதியாக உண்டதாலோ, பெற்றோர் கவனக்குறைவாலோ வருவதன்று இந்நோய்.

1922க்கு முன் இந்நோய் கண்ட குழந்தை சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ மெலிந்து இறப்பது உறுதி. அவ்வாண்டு சனவரித் திங்களில் கனடா நாட்டு டொராண்டோ நகரில் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் செலுத்தப்பட்டது. அவன் மேலும் பதின்மூன்று ஆண்டுகள் வாழ்ந்தான். இப்பகுதியை மட்டும் கூறி மகிழ்தல் நமக்கு ஆகாது. பாண்டிங், பெஸ்ட் என்போர் அம்மருந்தைக் கண்டது நாய்களை அறுத்துச் செய்த சோதனைகளால். பின்னர் அது கொலைக்களங்களில் வெட்டுண்ட மாடு, பன்றி ஆகியவற்றின் கணையத்திலிருந்து எடுக்கப்பட்டது. எட்டு அவுன்சு இன்சுலினுக்கு இரண்டு டன்னுக்கு மேற்பட்ட உறுப்புகள் வேண்டியிருந்தன.

ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த உக்கிராதித்தியர் என்னும் சமண ஆசாரியர் தம் கல்யாணகாரகம் என்னும் மருத்துவ நூலில் ஊன், கள், தேன் ஆகிய மூன்றையும் விலக்கியே மருந்துகளை வகுத்தார். மருந்தில் ஊன் வேண்டா என இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷனின் அவையிலும் வாதிட்டார். அம்மரபில் வந்த பெற்றோர், மாட்டின் கணையத்தில் எடுத்த மருந்தைத் தம் குழந்தைக்கு ஏற்றலாமா?

தீங்கினைச் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையாக நம் அறம் கூறும். அப்பெற்றோர் கொல்லவில்லை, கொல்வித்தலும் அவர் கருத்தன்று. ஆயினும் பயன் கொண்டமையால் அதில் சிறிதும் பங்கில்லை எனச் சொல்லிவிட முடியாது. வேறு வழியில்லாத அந்நாளில் குழந்தையின் உயிரைக் காத்தவரைக் குற்றவாளி எனல் கருணையாகாது. அச்செயலில் குற்றமே இல்லை எனல் உண்மையாகாது. நெஞ்சில் வருத்தத்தோடு ஏற்று, மாற்றுவழி வருமா எனத் தேடியிருத்தலே இல்லறத்தார்க்கு உரிய நிலை.

அம்மாற்றுவழியும் வந்தது. 1978இல் ஆய்வுக்கூடத்தில் பாக்டீரியாவைக் கொண்டு மனித இன்சுலின் ஆக்கப்பட்டது. 1982இல் அமெரிக்காவில் அதனை விற்க ஒப்புதல் கிடைத்தது. இன்று நம் நாட்டில் வழங்கும் இன்சுலின் பெரும்பாலும் பாக்டீரியாவாலோ ஈஸ்டாலோ ஆக்கப்படுவதே. அவையும் உயிர்களல்லவா எனின், ஆம், ஓரறிவுயிர்களே. காய்கறி அரிவதிலும் நீர் காய்ச்சுவதிலும் ஓரறிவுயிர்க்குத் தீங்கு நேர்கிறது. அதனை இயன்ற அளவு குறைத்துக்கொண்டு, இரண்டறிவு முதலாகிய உயிர்களைக் கருதிக் கொல்லாமையே இல்லறத்தார்க்கு வகுத்த அணுவிரதம். ஆதலின் இன்றைய இன்சுலினை அவ்விரதத்திற்கு மாறானது எனல் பொருந்தாது.

'இது முன்செய்த வினை. மருந்தால் அதனை மாற்ற முயலலாமா?' என்பாரும் உளர். துன்பம் வினைப்பயன் என்பது மெய்யே. ஆனால் உணவு, மருந்து, கல்வி, அபயம் எனத் தானங்களை நான்காக வகுத்தோரும் அம்மெய்யை உணர்ந்தோரே அல்லரோ? வினைப்பயன் என்று வாளாவிருத்தலே அறமாயின் மருந்துத் தானத்திற்கு அங்கே இடமிராது. பசியும் வினைப்பயனே, அதனால் பசித்தவனுக்கு நாம் சோறிட மறுக்கிறோமா?

இனி நோன்புக்கு வருவோம். ஒரு வீட்டில் பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி இந்நோயுடையவள் எனக் கொள்வோம். சதுர்த்தசியன்று பாட்டியோடு தானும் உபவாசம் இருக்க விழைகிறாள். உண்ணாத நாளில் ஊசி எதற்கு என அவளும் எண்ணலாம், வீட்டாரும் எண்ணலாம். இவ்வெண்ணம் உயிருக்கே கேடாகும். உண்ணாவிடினும் உடலுக்கு இன்சுலின் வேண்டும். அதனை அறவே நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் மிகுந்து ஓரிரு நாளிலேயே உயிர் போகலாம். ஊசியைப் போட்டுக்கொண்டு உணவை விட்டாலோ இரத்தச் சர்க்கரை தாழும். வியர்வையும் நடுக்கமும் கண்டு அறிவு மயங்கும். அது நள்ளிரவில் நேரினும் நினைவிருக்கும்போதே மூன்று தேக்கரண்டி சர்க்கரையோ குளுக்கோசோ கொடுத்தல் வேண்டும். நினைவு தப்பியபின் வாயில் எதையும் புகட்டாது மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும். தேன் நமக்கு விலக்கு. சர்க்கரை இருக்க அதைத் தேட வேண்டுவதும் இல்லை. இரவுண்ணாமை சிற்றுயிர்களைக் காக்கவும் நாவின் ஆசையை அடக்கவும் ஏற்பட்டது. மயங்கும் குழந்தையின் வாயில் இடும் சர்க்கரையில் நாவாசை எங்கே உளது? அது உணவன்று, மருந்தே.

மூட்டுநோய்க்கும் லூப்பஸ் நோய்க்கும் நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை உண்போர்க்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். நோன்பின் பொருட்டு அம்மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் பெருங்கேடு விளையும். எந்த நோன்பாயினும் முன்னரே மருத்துவரைக் கேட்டறிதல் வேண்டும்.

'உடலை விடுவதும் நம் அறத்தில் உண்டன்றோ?' என்று சல்லேகனையை நினைப்போர்க்கு அருங்கலச்செப்பு நம் கையில் உள்ளது. சமந்தபத்திரரின் இரத்தினகரண்டகத்தைத் தழுவிய அந்நூலின் மரபு, சல்லேகனைக்கு உரிய காலத்தை வரையறுத்தே கூறுகிறது. விலக்கவொண்ணாத இடையூறு, பஞ்சம், மூப்பு, நோய் என்பன அவை. நோய் எனப் பொதுவாகக் கூறாது, தீர்வற்ற நோய் என்றே அம்மரபு வரையறுத்தது. 1922க்கு முன் இக்குழந்தையின் நோய் தீர்வற்றதாக இருந்தது. இன்று அதனை அடியோடு நீக்கும் மருந்து இல்லையெனினும், நாள்தோறும் இன்சுலின் கொண்டு நெடுங்காலம் வாழ வழியுண்டு. அறம் மாறவில்லை, நோய் நின்ற இடம் மாறிவிட்டது. வழியுள்ள நோயில் மருந்தை மறுத்தல் தவம் ஆகாது.

ஆகவே பாட்டி அவளுக்குச் சொல்ல வேண்டுவது இதுவே: 'கண்ணே, உன் ஆற்றலுக்கு ஏற்றதே உன் நோன்பு. இன்று சுவைப்பொருள் ஒன்றை விடு, சினத்தை விடு, ஒரு நாழிகை மௌனமாயிரு. ஊசியை விடாதே.' நோன்பு இருக்க இயலவில்லையே என அவள் நாணாதபடி காப்பதும் பெரியோர் கடமை.

ஒரு கடமை இன்னும் எஞ்சுகிறது. எல்லா மருந்தும் இன்சுலினைப்போல் மாறிவிடவில்லை. எதிர்ப்பாற்றல் எலும்பு மச்சையைத் தாக்கி இரத்தம் ஊறாமற்போகும் நோய்க்குக் குதிரை, முயல் ஆகியவற்றின் இரத்தத்திலிருந்து எடுத்த மருந்து இன்றும் பயன்படுகிறது. மற்றொருபுறம், எதிர்ப்பாற்றல் குறைவோடு பிறந்த குழந்தைகளுக்கு ஏற்றும் இம்யூனோகுளோபுலின், ஆயிரக்கணக்கான மனிதர் தந்த இரத்த நீரிலிருந்து பிரிக்கப்படுவது; அதற்காக எவ்வுயிரும் கொல்லப்படுவதில்லை. மருந்து எதிலிருந்து வந்தது என மருத்துவரைப் பணிவோடு கேட்போம். மாற்று உளதாயின் அதனைக் கொள்வோம். இலதாயின், கேட்டுக்கொண்டே காலந்தாழ்த்தி உயிரை இழக்கமாட்டோம். உடல்நலமுடையோர் குருதிக்கொடை அளித்தல் மருந்துத் தானத்தின் இக்கால வடிவம் எனக் கொள்ளத்தகும்.

கற்படுக்கையில் கிடந்த முனிவர் தம் உடலைத் தாமே துறந்தார். பிறர் உடலைத் துறக்கச் செய்தாரல்லர். தன்பால் கடுமையும் பிறர்பால் கருணையும் கொள்வதே அவர் காட்டிய நெறி. நம் இல்லத்துக் குழந்தையும் அக்கருணைக்கு உரிய உயிரே.