முதலில் யார் நிறுத்துவது?

இஸ்ரேலியருக்கும் பலஸ்தீனருக்கும் இடையே என்றாவது சமாதானம் வருமா என்று கேட்காத கத்தோலிக்கர் இல்லை. பெரிய வெள்ளிக்கிழமை தோறும் திருநாட்டுக்கென்று காணிக்கை போடுகிறவர்கள் நாம். பெத்லகேமையும் நாசரேத்தையும் யெருசலேமையும் பிள்ளைப் பருவம் தொட்டு அயலூர் போல அறிந்தவர்கள் நாம். ஆனால் அந்தக் கேள்விக்கு நம்மவர் சொல்லும் விடை பெரும்பாலும் இரண்டில் ஒன்றாகவே இருக்கிறது. இரு பகுதியாரும் மனம் மாறி ஒருவரை ஒருவர் நேசித்தால் சமாதானம் வரும் என்பது ஒன்று. அது வேதாகம காலந்தொட்டு நடக்கும் சண்டை, உலகம் முடியுமட்டும் ஓயாது என்பது மற்றது. முன்னையது பக்தி போலவும் பின்னையது அனுபவம் போலவும் காதில் விழுகின்றன. இரண்டும் பிழை என்பதே நமது எண்ணம்.

பின்னையதை முதலில் எடுப்போம். ஆபிரகாமின் இரு புதல்வரில் தொடங்கிய பகை இது என்று மேடைகளில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது வரலாறு அல்ல. யூதரும் அரேபியரும் பக்தாத்திலும் கெய்ரோவிலும் பல நூற்றாண்டுகள் அடுத்தடுத்த தெருக்களில் வாழ்ந்தவர்கள். எப்போதும் சமமாக அல்ல; ஆயினும் வாழ்ந்தார்கள். யூதரை ஓட ஓட விரட்டியது பெரும்பாலும் கிறிஸ்தவ ஐரோப்பா என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. 1897ம் ஆண்டு பாசல் நகரில் கூடிய மாநாடு யூதருக்கென ஒரு தாயகம் கேட்டது அந்த விரட்டலின் விளைவே. 1939ம் ஆண்டு பிரித்தானிய அரசு ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டு, அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குப் பலஸ்தீனத்துள் வரக்கூடிய யூதரின் தொகையை 75,000 என்று மட்டுப்படுத்தியது. மற்றைய நாடுகளும் கதவைச் சாத்தின. அந்த ஆண்டுகளில்தான் ஐரோப்பாவில் அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்டனர். ஓடித் தப்ப ஒரு வாசலும் திறவாதிருந்த அந்த அனுபவத்தை அறியாதவர் இஸ்ரேலியரின் அச்சத்தை விளங்கிக்கொள்ள மாட்டார். (யூதர் என்றதும் நமது பாஸ்கு நாடகத்தில் பிலாத்துவின் முன் நின்று கூக்குரலிடும் கூட்டம் மட்டுமே நினைவுக்கு வருமானால், அந்த இனம் முழுவதன் மீதும் ஆண்டவரின் மரணத்துக்கான பழியைச் சுமத்தலாகாது என்று 1965ம் ஆண்டு வத்திக்கான் சங்கம் போதித்தது நம்மிடம் இன்னும் வந்து சேரவில்லை என்றே பொருள்.)

மறு பக்கத்தைப் பாருங்கள். ஐரோப்பா செய்த அந்தப் பாவத்துக்கு விலை கொடுக்கும்படி கேட்கப்பட்டவர்கள் ஐரோப்பியர் அல்லர். 1947ம் ஆண்டு நவம்பர் 29ம் திகதி ஐக்கிய நாடுகள் சபை 33க்கு 13 என்ற வாக்குகளால் நாட்டைப் பிரிக்கத் தீர்மானித்தபோது அங்கே வாழ்ந்தோரில் பெரும்பான்மையினர் அரேபியர். அவர்கள் அதை ஏற்கவில்லை. போர் மூண்டது. ஏறக்குறைய ஏழு இலட்சம் பேர், அவர்களுள் கிறிஸ்தவர்களும் அநேகர், வீடு வாசலை விட்டு வெளியேறினர் அல்லது வெளியேற்றப்பட்டனர். திரும்பி வர விடப்படவில்லை. இல்லாது போன வீடுகளின் திறப்புக்களை இன்றைக்கும் பேரப்பிள்ளைகள் வைத்திருக்கிறார்கள்.

ஆகவே இது கடவுள் விதித்த பகை அல்ல. மனிதர் செய்த காரியங்களால் வந்த பகை. வேதாகமத்தைக் காணித் தோம்பாகப் புரட்டி, இன்ன பரப்பு இன்னாருக்கு என்று உறுதி முடித்துக் கொடுக்கும் சிலர் கிறிஸ்தவருள்ளும் இருக்கிறார்கள். அந்த மண்ணோடு யூதருக்குள்ள பழமையான பற்று மெய்யானது. ஆனால் ஆண்டவனின் வாக்குறுதியைக் காட்டி அயலானின் ஒலிவ் தோட்டத்தைப் பிடுங்கலாம் என்று எந்த இறைவாக்கினரும் போதித்ததில்லை. நாபோத்தின் திராட்சைத் தோட்டத்துக்காக ஆக்காப் அரசன் எலியாசிடம் கேட்ட வசை உங்களுக்குத் தெரியும்.

இனி, நேசித்தால்தான் சமாதானம் என்ற விடை. இதற்கு மறுப்பு அந்தப் பிரதேசத்திலேயே இருக்கிறது. 1973ம் ஆண்டு யூதரின் மிகப் புனிதமான நோன்பு நாளில் இஸ்ரேல் மீது போர் தொடுத்த எகிப்திய ஜனாதிபதி அன்வர் சதாத், 1977ம் ஆண்டு நவம்பர் மாதம் யெருசலேமுக்கே சென்று இஸ்ரேலியப் பாராளுமன்றத்தில் பேசினார். அவரை வரவேற்ற பிரதமர் மெனாச்செம் பெகின் ஒரு காலத்தில் ஆயுதக் குழுவொன்றின் தலைவராக இருந்தவர். மறு ஆண்டு காம்ப் டேவிட்டில் பதின்மூன்று நாட்கள் இருவரும் ஒரே வளவில் தங்கியிருந்தும், நேரில் பேசினால் வாக்குவாதமே மிஞ்சிற்று. அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டர் ஒரு விடுதிக்கும் மற்ற விடுதிக்குமாகக் கடதாசியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். இவர்களிடம் நேசம் இருந்ததென்று சொல்வது கடினம். ஆயினும் 1979ம் ஆண்டு மார்ச் 26ம் திகதி உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 1982ம் ஆண்டு ஏப்ரல் 25ம் திகதியோடு இஸ்ரேலியப் படை சினாயை விட்டு முற்றாக வெளியேறியது. யாமித் என்ற தன் குடியேற்ற நகரை இஸ்ரேலே இடித்துத் தரைமட்டமாக்கியது. அதற்கு முன்னரே, 1981ம் ஆண்டு ஒக்டோபரில், சதாத் தன் சொந்த நாட்டுப் படைவீரரின் துப்பாக்கிக்கு இரையாகிவிட்டார். உடன்படிக்கை இரையாகவில்லை. அதன் பின் லெபனானில் போர் வந்தது, காஸாவில் போர்கள் வந்தன. எகிப்தும் இஸ்ரேலும் மீண்டும் மோதவில்லை. அது குளிர்ந்த சமாதானம் என்று பலர் குறை சொல்வர். குளிர்ந்ததுதான். ஆனால் 1973ம் ஆண்டு சூயெஸ் கால்வாய்க் கரையில் பிள்ளையை இழந்த ஒரு தாயிடம், அதன் பின் வேறெந்தத் தாயின் பிள்ளையும் அங்கே போரில் சாகவில்லை என்பது சிறிய காரியமா என்று கேட்டுப் பாருங்கள்.

பலஸ்தீனரோடு மட்டும் ஏன் இது கைகூடவில்லை? 1993ம் ஆண்டு செப்டெம்பர் 13ம் திகதி இட்சாக் ராபினும் யாசீர் அரபாத்தும் வாஷிங்டனில் கை குலுக்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்கு நான்கு நாட்களின் முன் அவர்கள் பரிமாறிய கடிதங்களை வாசித்தால் ஒன்று தெரியும். இஸ்ரேல் என்ற அரசு நிலைத்திருக்கும் உரிமையைப் பலஸ்தீன விடுதலை இயக்கம் ஏற்றது. இஸ்ரேலோ அந்த இயக்கத்தைப் பலஸ்தீன மக்களின் பிரதிநிதி என்று ஏற்றதேயன்றி, பலஸ்தீன அரசு ஒன்று உருவாகும் உரிமையை ஏற்றதாக அதில் ஒரு சொல்லும் இல்லை. யெருசலேம், அகதிகள், குடியேற்றங்கள், எல்லைகள் ஆகிய பெரிய கேள்விகள் யாவும் ஐந்து ஆண்டுகளுக்குள் பின்னர் பேசுவதென்று ஒத்திவைக்கப்பட்டன. முதலில் நம்பிக்கை வளரட்டும், பின்பு தீர்வு வரட்டும் என்பது எண்ணம்.

வளர்ந்தது நம்பிக்கை அல்ல. 1994ம் ஆண்டு பெப்ரவரியில் ஹெப்ரோன் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்த 29 பேரை ஒரு யூதக் குடியேற்றவாசி சுட்டுக் கொன்றான். ஏப்ரலில் ஹமாஸ் இயக்கத்தவர் இஸ்ரேலியப் பேரூந்துகளில் குண்டு வைத்தனர். 1995ம் ஆண்டு நவம்பர் 4ம் திகதி ராபினையே ஒரு யூத இளைஞன் கொன்றான். இதற்கிடையில் குடியேற்றங்கள் நிற்கவில்லை. 1993ம் ஆண்டு கிழக்கு யெருசலேம் நீங்கலாக மேற்குக் கரையில் ஒரு இலட்சத்துச் சொச்சமாக இருந்த குடியேற்றவாசிகள் முப்பது ஆண்டுகளில் ஏறக்குறைய ஐந்து இலட்சமாயினர். இரவிரவாக வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டுக்கொண்டே, எல்லையைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்பவனை நமது ஊரில் எவர் நம்புவார்?

இங்கேதான் நாம் ஆராய வேண்டிய ஒழுக்கக் கேள்வி இருக்கிறது. இஸ்ரேலியர் கேட்பது: முதலில் எங்களைக் கொல்வதை நிறுத்துங்கள், பின்பு நிலத்தைப் பற்றிப் பேசலாம். பலஸ்தீனர் கேட்பது: முதலில் எங்கள் நிலத்தை விட்டு வெளியேறுங்கள், பின்பு அமைதி வரும். தனித்தனியே கேட்டால் இரண்டும் நியாயமே. இரண்டையும் சேர்த்து வைத்தால் எவரும் முதல் அடி எடுத்து வைக்க மாட்டார்கள்.

நமது எண்ணத்தில், இந்தச் சிக்கலின் அடியில் ஒரு பெரிய மயக்கம் இருக்கிறது. கடமைகள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. சில, கொடுத்து வாங்கும் கடமைகள். நீ இவ்வளவு விட்டால் நான் இவ்வளவு விடுவேன் என்று பேசுவதில் பாவம் இல்லை; எல்லை எங்கே, தண்ணீர் எவருக்கு எவ்வளவு, யெருசலேமை எப்படிப் பங்கிடுவது என்பன அப்படிப்பட்டவை. வேறு சில கடமைகள் எதிராளி என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் நம்மைக் கட்டுபவை. குழந்தையைக் கொல்லாதிருத்தல், கிழவியைப் பணயமாகப் பிடியாதிருத்தல், பசித்தவனின் உணவைத் தடுக்காதிருத்தல், அயலானின் காணியை அபகரியாதிருத்தல் ஆகியவற்றுக்கு விலை கேட்க எவருக்கும் உரிமை இல்லை. நன்மை விளையும் என்பதற்காகத் தீமை செய்யலாகாது என்பது ஒழுக்கவியலின் அரிச்சுவடி. இரு பகுதியாரும் செய்வது என்னவென்றால், பேரம் பேசக்கூடாதவற்றைப் பேரத்துக்கு வைத்துவிட்டு, பேரம் பேச வேண்டியவற்றைப் பேச மறுப்பதுதான்.

2023ம் ஆண்டு ஒக்டோபர் 7ம் திகதி ஹமாஸ் படையினர் ஏறக்குறைய 1,200 பேரைக் கொன்று 251 பேரைப் பிடித்துச் சென்றனர். முதியோரைப் பராமரிக்கச் சென்ற இலங்கையரும் அன்று இறந்தோருள் அடங்குவர். பிடிபட்டவர்களுள் பச்சைக் குழந்தையும் எண்பது வயதைக் கடந்தவர்களும் இருந்தனர். அவர்கள் பண்டமாற்றுப் பொருளாயினர். பதிலுக்கு இஸ்ரேல் தொடுத்த போரில் 2025ம் ஆண்டு ஒக்டோபர் வரை 67,000க்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் காஸாவின் சுகாதார அமைச்சு கணக்கிட்டது. 2025ம் ஆண்டு மார்ச் 2ம் திகதி முதல் இரண்டரை மாதம் காஸாவுக்குள் உணவு செல்வதையே இஸ்ரேல் தடுத்தது. ஹமாசை இணங்க வைக்கும் நெருக்குதல் அது என்று வெளிப்படையாகவே சொல்லப்பட்டது. ஒகஸ்ட் 22ம் திகதி, ஐ. நா. ஆதரவு பெற்ற உணவு நிபுணர் குழு காஸா நகர்ப் பகுதியில் பஞ்சம் நிலவுவதாக அறிவித்தது. இஸ்ரேல் அதை மறுத்தது.

அடிப்பவனையும் அடிபடுபவனையும் ஒரே தராசில் வைக்கிறீரே என்று வாசகர் சிலர் கேட்பர். நல்ல கேள்வி. இரு பகுதியாரும் பலத்தில் சமம் அல்லர். ஒரு பக்கம் அரசும் படையும் விமானமும் இருக்கின்றன. மறு பக்கம் நாடற்ற மக்கள். அதிகம் கொடுக்கப்பட்டவரிடம் அதிகம் கேட்கப்படும். ஆதலால் பிறருடைய நிலத்தைக் கையில் வைத்திருப்பவருக்கே பொறுப்பு அதிகம் என்று சொல்ல நாம் தயங்கவில்லை. ஆனால் பலவீனம் கொலையைப் புண்ணியமாக்காது. ஒடுக்கப்பட்டவன் என்பதால் ஒருவனுக்குப் போராட உரிமை வரலாம். விழாவுக்கு வந்த இளம் பெண்ணைச் சுட உரிமை வராது. இதை மறைத்துப் பேசுவது பலஸ்தீனருக்குச் செய்யும் உபகாரம் என்று எண்ணுவோர், அம்மக்களை நல்லது கெட்டது அறியாதவர்கள் என்று இழிவுபடுத்துகிறார்கள்.

மன்னிப்பைப் பற்றியும் ஒரு சொல். காஸாவில் பிள்ளையைப் புதைத்த தாயையோ, பணயத்தில் மகனை இழந்த தாயையோ பார்த்து, மன்னித்துவிடு என்று கட்டளையிட நமக்கு அதிகாரம் இல்லை. மன்னிப்பு, காயப்பட்டவரின் சொத்து. அவர்களுள் சிலர் தாமாகவே முன்வந்திருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லலாம். ராமி எல்ஹானன் என்ற இஸ்ரேலியரின் பதின்மூன்று வயது மகள் 1997ம் ஆண்டு யெருசலேமில் தற்கொலைக் குண்டுதாரிகளால் கொல்லப்பட்டாள். பசாம் அராமின் என்ற பலஸ்தீனரின் பத்து வயது மகள் 2007ம் ஆண்டு பாடசாலைக்கு அருகில் இஸ்ரேலிய எல்லைக் காவலரின் இறப்பர் குண்டு பட்டு இறந்தாள். பிள்ளைகளை இழந்த இரு இனத்துப் பெற்றோரும் சேர்ந்திருக்கும் சங்கத்தில் இந்த இரு தந்தையரும் ஒன்றாக ஊர் ஊராகப் பேசி வந்திருக்கிறார்கள். அவர்கள் ஒருவரிடம் ஒருவர், முதலில் நீ வருந்து, பின்பு நான் வருந்துகிறேன் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

2025ம் ஆண்டு ஒக்டோபர் 10ம் திகதி போர்நிறுத்தம் வந்தது. உயிரோடிருந்த கைதிகள் இருபது பேரும் 13ம் திகதி வீடு திரும்பினர். நவம்பர் 17ம் திகதி ஐ. நா. பாதுகாப்புச் சபை நிறைவேற்றிய தீர்மானத்தில் பலஸ்தீன அரசு பற்றியும் ஒரு வாசகம் இருக்கிறது. ஆனால் எப்படி? முதலில் பலஸ்தீன அதிகார சபை சீர்திருந்த வேண்டும், காஸா மீளக் கட்டப்பட வேண்டும், அதன் பின் அரசு ஒன்றுக்கான வழி பிறக்கலாம். ஒஸ்லோவில் கேட்ட அதே "முதலில், பின்பு". ஆகவே பெரிய சமாதானம் அண்மையில் வரும் என்று நாம் எழுதத் துணியவில்லை. எந்த உடன்படிக்கைக்கும் காத்திராமல் செய்யக்கூடிய காரியங்கள் நடக்கின்றனவா என்பதையே கவனித்துப் பார்ப்போம். எல்லையோடும் படையோடும் சம்பந்தமில்லாத ஒரு சிறு காரியத்தை உங்கள் முன் வைக்கிறோம்.

லெபனான் எல்லையருகே இக்ரித் என்றொரு கத்தோலிக்கக் கிராமம் இருந்தது. 1948ம் ஆண்டு நவம்பரில், பதினைந்து நாட்களில் திரும்பலாம் என்று சொல்லி இஸ்ரேலியப் படை ஊராரை வெளியேற்றியது. அவர்கள் கல்லெடுக்கவில்லை, துவக்கெடுக்கவில்லை, இஸ்ரேலின் குடிமக்களாகி நீதிமன்றம் சென்றார்கள். 1951ம் ஆண்டு யூலை மாதம் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு நத்தாருக்கு முந்திய நாள், கோவிலை மட்டும் விட்டுவிட்டுப் படையினர் வீடுகளையெல்லாம் குண்டு வைத்துத் தகர்த்தனர். பாதுகாப்பு என்று காரணம் சொல்லப்பட்டது. லெபனான் எல்லையோரத்தில் யூதக் கிராமங்கள் பல எழுந்த பின்னரும் அந்தக் காரணம் மாறவில்லை. அடுத்தடுத்து வந்த அரசுகள் குழுக்களை அமைத்தன, வாக்குறுதி கொடுத்தன. 1970களில் இருந்து ஊரார் தங்கள் இறந்தோரைக் கொண்டுவந்து பழைய சேமக்காலையில் அடக்கம் செய்ய அனுமதி கிடைத்தது. கோவிலில் பூசையும் நடக்கிறது. வீடு கட்ட மட்டும் அனுமதி கிடைக்கவில்லை.