யாருக்கான சுதந்திரம்?

1941 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றத்தில் அதிபர் ரூஸ்வெல்ட் நான்கு சுதந்திரங்களை முழங்கினார். பேச்சுரிமை, வழிபாட்டுரிமை, வறுமையிலிருந்து விடுதலை, அச்சத்திலிருந்து விடுதலை. நான்கும் உலகம் முழுமைக்கும் என்றார். அந்த ஆகஸ்டிலேயே பிரிட்டன் பிரதமர் சர்ச்சிலுடன் சேர்ந்து அட்லாண்டிக் சாசனத்தை வெளியிட்டார். தங்கள் ஆட்சிமுறையைத் தாங்களே தேர்ந்துகொள்ளும் உரிமை எல்லா மக்களுக்கும் உண்டு என்றது சாசனம். செப்டம்பரில் சர்ச்சில் விளக்கம் சொன்னார்: அது நாஜிகளிடம் சிக்கிய நாடுகளுக்கானது, இந்தியாவும் பர்மாவும் வேறு விஷயம்.

1942 பிப்ரவரியில் ரூஸ்வெல்ட் ஓர் ஆணையில் கையெழுத்திட்டார். அதன்படி ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேர் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். கோட்டில் குடும்ப எண் எழுதிய அட்டை, கையில் சுமக்க முடிந்த அளவு மூட்டை. பல குடும்பங்களைப் பந்தயக் குதிரை லாயங்களில் தங்கவைத்தார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தும் சாண நாற்றம் போகவில்லை.

1943இல் ஓவியர் நார்மன் ராக்வெல்லின் ‘வறுமையிலிருந்து விடுதலை’ ஓவியம் வெளியானது. பெரிய வான்கோழி, சுற்றிலும் சிரிக்கும் குடும்பம். போர்ப் பத்திரம் விற்க அந்தப் படம் ஊர் ஊராகப் போனது. அதே ஆண்டு கல்கத்தா தெருக்களில் மக்கள் வடிகஞ்சி கேட்டுக் கையேந்திச் செத்தார்கள். வங்கப் பஞ்சத்தில் மாண்டவர்கள் ஏறக்குறைய 30 லட்சம் பேர்.

அப்படியானால் அந்த உரையும் சாசனமும் வெறும் போர்ப் பிரசாரம் என்று தூக்கிப்போட்டுவிடலாமா? கூடாது. சொன்னவர் பெரியவர் என்பதற்காக ஒரு கருத்தை ஏற்பதும், சொன்னவர் பொய்யர் என்பதற்காக அதைத் தள்ளுவதும் ஒரே மூடநம்பிக்கைதான். 1943இல் தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் அட்லாண்டிக் சாசனத்தைப் பிரிவு பிரிவாக எடுத்துவைத்து, இதெல்லாம் எங்களுக்கும் வேண்டும் என்று ஆவணம் எழுதியது. எழுதியவர்களைவிட அந்தச் சாசனத்தை நம்பியவர்கள் இவர்கள். என் மரியாதை இவர்களுக்கே.

போர் வந்தால் நாமும் தலைவரின் சுதந்திரப் பேச்சுக்குக் கைதட்டுகிறோம். அதில் யார் விடுபட்டார்கள் என்று கேட்பவரைத் துரோகி என்கிறோம். ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர் ஃப்ரெட் கோரமட்சு கேட்டார். 1942இல் வெளியேற்ற ஆணைக்குப் பணிய மறுத்துக் கைதானபோது அவருக்கு வயது 23. 1944இல் உச்ச நீதிமன்றத்தில் ஆறு நீதிபதிகள் அரசின் பக்கம், மூன்று பேர் அவர் பக்கம். முகாமிலிருந்த அவருடைய சொந்தச் சமூகத்தினரிலேயே பலர் அவரை ஒதுக்கிவைத்தார்கள். தண்டனை ரத்தானது 1983இல்.