பண்டிகை நாளில் பிள்ளையின் பங்கு

சைவ மக்களின் வாழ்வு திருக்கோயிலையும் இல்லத்தையும் இரு கண்களாகக் கொண்டு விளங்குவதாகும். திருக்கோயிலிலே கொடியேற்றம் முதல் தீர்த்தம் வரை மகோற்சவம் நடைபெறும்போது அதற்குச் சிவாசாரியார் இருக்கின்றார், ஓதுவார் இருக்கின்றார், மங்கள வாத்தியக்காரரும் தொண்டர்களும் இருக்கின்றனர். இல்லத்திலே நடைபெறும் பொங்கலுக்கும் விளக்கீட்டுக்கும் புத்தாண்டுக்கும் பெற்றோரே இவை அனைத்துமாக இருக்க வேண்டியுள்ளது. அவ்விழாவுக்கு வந்திருக்கும் அடியார்கள் வேறு யாருமல்லர். அவ்வீட்டுக் குழந்தைகளே ஆவர்.

தைப்பொங்கல் தொடங்கிச் சிவராத்திரி, சித்திரைப் புத்தாண்டு, ஆடிப்பிறப்பு, நவராத்திரி, தீபாவளி, கந்தசஷ்டி, கார்த்திகை விளக்கீடு, விநாயகர் பெருங்கதை, திருவெம்பாவை என்று ஆண்டு முழுவதும் எமது முன்னோர் நாட்களை வகுத்து வைத்தனர். இவற்றுட் பல, சிறுவர்களின் மனதைக் கவரும் வகையில் அமைந்திருப்பதைக் காணலாம். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878–1953) ஆடிப்பிறப்பைப் பற்றிப் பாடியபோது அதனைச் சிறுவர்களின் வாயில் வைத்தே பாடினார். கூழும் கொழுக்கட்டையும் அவிக்கும் வீட்டிலே பிள்ளைகள் கொள்ளும் மகிழ்ச்சியே அப்பாடலின் உயிர்நிலையாகும். பண்டிகையின் உட்பொருளை அறியாத வயதிலேயே அதன் இன்பத்தை அறிந்துகொண்ட பிள்ளை, பின்னர் உட்பொருளையும் தேடிச் செல்லும்.

ஆயின், இன்று பல வீடுகளிற் பண்டிகைக் காலை எவ்வாறு விடிகின்றது? தாய் அதிகாலை மூன்று மணிக்கே எழும்பி வீடு கழுவி, முற்றம் கூட்டி, அடுப்படிக்கும் கிணற்றடிக்குமாக ஓடுகின்றாள். தந்தை தோரணம் கட்டுகின்றார், அல்லது வாங்க மறந்துபோன கற்பூரத்துக்காகக் கடைக்கு ஓடுகின்றார். நித்திரையால் எழும்பிவந்த பிள்ளை கோலத்தை மிதித்துவிடுகின்றது. பானையடியிற் போய் நிற்கின்றது. வைத்த பூவை எடுத்துப் பார்க்கின்றது. “தொடாதே”, “அங்காலே போ”, “சும்மா ஒரு இடத்திலே இரு” என்பவையே அன்று காலை அதன் காதில் விழும் திருவாக்குகளாகின்றன. ஈற்றிலே பிள்ளையின் கரைச்சலைத் தாங்கமாட்டாமல் கைத்தொலைபேசி ஒன்று அதன் கையிற் கொடுக்கப்படுகின்றது. பொங்கிப் படைத்துச் சூரிய பகவானை வணங்கும் நேரத்திலே பெற்றோர் கூப்பிட்டாலும் அப்பிள்ளை வருவதாயில்லை. “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சமயத்திலே பற்றில்லை” என்று பின்னர் குறைப்படுவதாற் பயன் என்ன? பற்றுக்கொண்டு வந்த கையைத் தட்டிவிட்டவர் யார் என்பதைச் சிந்தித்தல் வேண்டும்.

குளக்கரையில் அழுத பிள்ளை

சீகாழிப் பதியிலே சிவபாத இருதயர் ஒருநாட் காலை நீராடச் சென்றபோது மூன்று வயதுக் குழந்தை அழுதுகொண்டே பின்தொடர்ந்த வரலாற்றைச் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்திலே எடுத்துரைக்கின்றார். அவர் போவதோ நியமத்தோடு செய்யும் நீராடலுக்கு. சிறு குழந்தையுடன் சென்றால் அந்த நியமம் அமைதியாக நிறைவேறுமா? எனவே முதலிலே குழந்தையைத் தடுத்தார். அது கேட்கவில்லை, காலை உதைத்து அழுதது. ஈற்றிற் குழந்தையையும் கூட்டிக்கொண்டு சென்று, குளக்கரையிலே இருத்திவிட்டு நீரில் மூழ்கினார். தந்தையைக் காணாத குழந்தை திருக்கோயிலின் சிகரத்தைப் பார்த்து அழ, உமையம்மையார் பொற்கிண்ணத்திலே ஞானப்பால் ஊட்டியருளினார். திருஞானசம்பந்தப் பிள்ளையாரின் வரலாறு இவ்வாறு தொடங்குகின்றது.

இந்த வரலாற்றிலே ஞானப்பாலைப் பற்றிப் பிரசங்கம் செய்வோர் பலர். அதற்கு முன் நடந்ததையும் இல்லறத்தார் நினைத்துப் பார்த்தல் நன்று. தந்தையார் அன்று பிள்ளையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். நியமத்துக்கு இடைஞ்சலாகும் என்று தெரிந்திருந்தும் அவர் கூட்டிச் சென்றார். வாயிலே வழிந்த பாலைக் கண்டு, “யார் தந்த பாலை உண்டாய்?” என்று கோல் எடுத்து வெருட்டியவரும் அவரே. எல்லாத் தந்தையரையும் போலக் கோபம் வந்த தந்தைதான் அவர். ஆனால், பிள்ளை கையைக் காட்டிப் பாடியபோது அவர் கேட்டார். அதன் பின் அக்குழந்தையைத் தமது தோளிலே சுமந்து தலங்கள் தோறும் சென்றார். முதலாம் திருமுறையின் முதற் பதிகம், அழுத பிள்ளையைக் கூட்டிச் சென்ற ஒரு தந்தையின் பின்னே வந்து சேர்ந்தது.

திருநாரையூரிலே நம்பியாண்டார் நம்பியின் வரலாறும் இத்தகையதே. பொல்லாப் பிள்ளையாருக்குப் பூசை செய்துவந்த தந்தையார் ஒருநாள் வெளியூர் செல்ல நேர்ந்தது. பூசையை அவர் சிறுவனாகிய தம் மகனிடம் ஒப்படைத்துச் சென்றார். தந்தை வைக்கும் நிவேதனத்தைப் பிள்ளையார் நாள்தோறும் உண்கின்றார் என்றே அச்சிறுவன் எண்ணியிருந்தான். உண்ணாதிருந்த பிள்ளையாரைக் கண்டு, தான் ஏதோ பிழை செய்துவிட்டதாக அஞ்சித் தலையை மோதி அழுதான். பெருமானும் அதனை ஏற்றருளினார். பூசையாற் பாடசாலைக்குப் பிந்திவிட்டது, ஆசிரியர் அடிப்பாரே என்று அழுத அப்பிள்ளைக்குப் பாடமும் சொல்லிக்கொடுத்தார் என்பர். அப்பிள்ளையே பிற்காலத்திலே திருமுறைகளைத் தொகுத்தவர். பெரியவர்களின் கையிலிருந்த தொண்டு ஒருநாள் சிறிய கையிலே வந்து சேர்ந்தது. அச்சிறிய கை அதனை விளையாட்டாகக் கொள்ளவில்லை.

வயதுக்கேற்ற தொண்டு

ஆகவே, பண்டிகை நாளிலே பிள்ளைக்கென்று ஒரு தொண்டு இருத்தல் வேண்டும். அது பெற்றோர் இரக்கப்பட்டுக் கொடுக்கும் விளையாட்டு வேலையாக இருத்தலாகாது. பிள்ளை செய்யாவிட்டால் அக்காரியம் குறைபடும் என்று சொல்லத்தக்க வேலையாக இருக்க வேண்டும்.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளை முதல்நாட் பின்னேரம் அம்மம்மாவுக்கு அருகிலிருந்து சுளகிலே அரிசியிற் கல்லுப் பொறுக்கலாம். விடியற்காலையிலே சிறிய ஓலைப்பெட்டியோடு சென்று நந்தியாவட்டையும் செவ்வரத்தையும் ஆயலாம். ஐந்து, ஆறு வயதுப் பிள்ளை மாவிலையைக் கழுவித் துடைக்கலாம். நிறைகுடத்துக்கு வெற்றிலை பாக்கை அடுக்கலாம். கோலம் போடும் தாய்க்குப் பக்கத்திலே அதற்கென்று ஒரு சிறிய இடம் விட்டுக்கொடுத்தால், அப்பிள்ளை தனது கோலத்தை மிதியாது. பிறரையும் மிதிக்க விடாது. எட்டு, ஒன்பது வயதானோர் தேவாரம் பாடும் பொறுப்பை ஏற்கலாம். முதல்நாளே எந்தத் தேவாரம் என்று சொல்லிக்கொடுத்துப் பாடமாக்கச் செய்தல் வேண்டும். படையலுக்கு முன்னே, “பாடு, பாடு” என்று வெருட்டுவதாற் பிள்ளைக்கு வெட்கமே வரும், பாட்டு வராது.

கார்த்திகை விளக்கீட்டுக்கு முதல்நாள் பழைய வேட்டித் துண்டுகளைக் கிழித்துத் தடியிற் சுற்றிப் பந்தம் செய்வதும், வாசலிலே வாழைக்குற்றி நடும்போது மண் அள்ளி அணைப்பதும் சிறுவருக்கு மிக விருப்பமான வேலைகள். எண்ணெயில் தோய்த்துக் கொளுத்துவதைப் பெரியவர்கள் செய்தாற் போதும். கிணற்றடிக்கும் மாட்டுக் கொட்டிலுக்கும் படலையடிக்கும் எத்தனை பந்தம் வேண்டும் என்று பிள்ளையே எண்ணிச் சொல்லட்டும். திருவெம்பாவைக் காலத்திலே இருள் விடியுமுன் சங்கும் சேமக்கலமும் ஒலிக்க ஒழுங்கைகளிற் சென்று ஊரை எழுப்பியவர்களுட் சிறுவர்களே பெரும்பாலோராக இருந்தனர். பனிக்குளிரிலே அவர்களை எழுப்பிவிட்ட எந்த உபதேசத்திலும் பார்க்க, சேமக்கலம் தன் கையிலே இருக்கின்றது என்ற பெருமையே பெரியதாக இருந்தது.

பொங்கற் பானையிலே பால் பொங்கி வழிந்தவுடன் குடும்பத் தலைவர் இரு கைகளாலும் அரிசியை அள்ளிப் பானையை மூன்று முறை சுற்றி இடுவதும், தொடர்ந்து மனைவியும் மக்களும் இடுவதும் எமது வழக்கம். சிறு பிள்ளை இடும்போது பாதி அரிசி நிலத்திலே சிந்தும். சிந்தினாற் சிந்தட்டும்; எறும்பும் அணிலும் காகமும் அதனைப் புசிக்கும். “சிந்தாதே” என்று அந்த நேரத்திலே அதட்டினால், பிள்ளை அரிசியை மட்டுமன்று, அந்த நாளையும் கீழே போட்டுவிடும். அடுப்புத் தீயிலே கவனம் வேண்டும் என்பது உண்மையே. அதற்காகவே தந்தை பிள்ளையைத் தூக்கியோ கைபிடித்தோ நிற்றல் வேண்டும். தள்ளி நிறுத்துவதும் காப்புத்தான். அணைத்து நிற்பதும் காப்புத்தான்.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை

பிள்ளைக்குப் பொறுமையோடு வேலை காட்டிக்கொடுக்க வேண்டுமாயின் தாய்க்குச் சற்று ஓய்வு இருத்தல் வேண்டும். பண்டிகை நாளின் பாரம் முழுவதையும் ஒருத்தியின் தலையிலே ஏற்றிவிட்டு, அவள் முகம் சிரிக்கவில்லை என்று சொல்வது தர்மமன்று. தேங்காய் துருவுவதும், பாத்திரம் கழுவுவதும், பிள்ளைகளைக் குளிப்பாட்டி உடுப்பு மாற்றுவதும் ஆண்மக்களுக்கு இழிவான காரியங்கள் அல்ல. ஐந்து பலகாரம் செய்து களைத்துக் கோபிக்கும் தாயிலும், இரண்டு பலகாரம் செய்து பிள்ளையோடு சிரித்திருக்கும் தாயே அவ்வீட்டின் இலட்சுமி.

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டியுள்ளது. தீபாவளியும் புத்தாண்டும் சில வீடுகளிலே மதுவுக்குரிய நாட்களாகிவிட்டன. காலையிலே புத்தாடை உடுத்துக் கோயிலுக்கு வந்த தந்தை மாலையிலே தள்ளாடி வரும்போது, பிள்ளை அறைக்குள்ளே ஒளித்துக்கொள்கின்றது. அப்பிள்ளைக்குப் பண்டிகை வருகின்றது என்றாலே பயம் வருகின்றது. நாட்காட்டியைப் பார்த்து மற்றப் பிள்ளைகள் நாளை எண்ணும்போது இப்பிள்ளையும் எண்ணுகின்றது. அந்த எண்ணிக்கை வேறு. எத்தனை அபிஷேகம் செய்வித்தாலும் அந்தப் பயத்தைக் கழுவ முடியாது. அந்த ஒருநாள் மதுவைத் தொடாதிருத்தலே அத்தகைய தந்தை தன் பிள்ளைக்குக் கொடுக்கக்கூடிய மிகச் சிறந்த கைவிசேடமாகும்.

பணமில்லை என்று மனம் குன்றும் பெற்றோரும் உளர். வெளிநாட்டுக் காசு வரும் வீட்டுப் பிள்ளை மூன்று சோடி உடுப்பும் பெட்டி பெட்டியாக வெடியும் வைத்திருக்க, தன் பிள்ளைக்கு ஒன்றும் இல்லையே என்று கடன்படுகின்றனர். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவிலே வீடுவாசலை விட்டுப் புறப்பட்டனர். அடுத்து வந்த 1996 தைப்பொங்கலின்போது அவர்களுட் பலர் பாடசாலைகளிலும் உறவினர் வீடுகளிலும் கொட்டில்களிலும் தங்கியிருந்தனர். 2020 சித்திரைப் புத்தாண்டு ஊரடங்குக்குள்ளே வந்தது. வீட்டுச் சாமியறையே அன்று திருக்கோயிலாயிற்று. 2022 புத்தாண்டின்போது எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் பால்மாவுக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். அந்த ஆண்டுகளிலும் பண்டிகைகள் நின்றுவிடவில்லை. இருந்த பாத்திரத்திலே, கிடைத்த அரிசியிலே, பெற்றோரும் பிள்ளைகளும் சூழ்ந்திருந்து சூரியனைக் கும்பிட்டனர். அக்காலத்துப் பிள்ளைகளுக்கு இன்று நினைவிருப்பது உடுத்த உடுப்பன்று. யார் பக்கத்திலே இருந்தார்கள் என்பதே.

தட்டம் கொண்டுபோகும் பிள்ளை

படையல் முடிந்ததும் அயல்வீடுகளுக்குப் பொங்கலும் பழமும் கொண்டுபோகும் வேலையைப் பிள்ளைகளிடமே கொடுத்தல் வேண்டும். சிறப்பாக, துக்கம் நிகழ்ந்து ஓராண்டு நிறையாத வீட்டிலே பொங்குவதில்லை. அயலவர் கொடுப்பதே அவ்வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொங்கல். கணவனை இழந்து பிள்ளைகளோடு தனித்திருக்கும் தாய்மாரும், பிள்ளைகள் கடல்கடந்து போய்விட்டதாற் தனித்திருக்கும் முதியோரும் எமது கிராமங்களிலே பலர். “அம்மா தரச் சொன்னவா” என்று தட்டத்தை நீட்டும் பிள்ளையைக் கண்டவுடன் அந்த ஆச்சியின் முகத்திலே வரும் மலர்ச்சியை அப்பிள்ளையே கண்ணாற் காணட்டும். திரும்பி வரும்போது வெறுந்தட்டமாக விடாமல் இரண்டு பழமோ ஒரு பிடி சீனியோ வைத்துத் தருவார். கொடுப்பதும் வாங்குவதும் அன்பு என்பதைப் பிள்ளை அந்த ஒழுங்கையிலே கற்றுக்கொள்ளும்.

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பெருமான் 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியதும், பாலபாடமும் சைவவினாவிடையும் எழுதியதும் பிள்ளைகளை முன்வைத்தேயாகும். வித்தியாசாலையிலே எழுத்தும் வினாவும் விடையும் கற்கலாம். எழுந்தவுடன் திருநீறு பூசுவதையும், விளக்கைக் கண்டாற் கைகூப்புவதையும், பசித்தவர்க்கு முதலிற் கொடுப்பதையும் வீடே கற்பிக்க வேண்டும். அக்கல்விக்கு வகுப்பும் இல்லை, பரீட்சையும் இல்லை. பெற்றோர் செய்வதைப் பார்த்துப் பிள்ளை செய்வதே அதன் முறை.

பிள்ளைப் பருவமோ மிகக் குறுகியது. பெற்றோர் கைபிடித்துப் பானையடிக்கு வரும் பொங்கல்கள் ஒரு பிள்ளைக்கு ஏழோ எட்டோதான் இருக்கும். அதன் பின் அது தானே நடந்து போகும். கல்விக்கும் தொழிலுக்கும் ஊரைவிட்டும் போகும். எங்கு போனாலும் தை முதல்நாட் காலையிலே ஒரு பிடி அரிசியை இரு கைகளாலும் அள்ள வேண்டும் என்று அதற்குத் தோன்றுமாயின், சிறுவயதிலே எவரோ அந்தக் கையைத் தட்டிவிடாமற் பிடித்துக் கொடுத்தனர் என்பதே பொருள்.

வரும் பண்டிகையிலே ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தொண்டு கொடுக்கப்படுவதாக. தாய்மார் களைப்பு நீங்கி மகிழ்வார்களாக. தந்தையர் தெளிந்த சிந்தையோடு பிள்ளைகளின் கையைப் பிடித்து நிற்பார்களாக. அன்று குளக்கரையில் அழுத பிள்ளைக்கு இரங்கிய அம்மையப்பன் எங்கள் இல்லங்களிலுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் அருள்புரிவாராக.

திருச்சிற்றம்பலம்.