தரகில் ஒரு பங்கு

காஞ்சிபுரத்தில் பட்டு வாங்க வரும் வெளியூர்க்காரரைப் பேருந்து நிலையத்திலோ கோயில் வாசலிலோ எதிர்கொண்டு, நல்ல கடைக்கு அழைத்துச் செல்வதாகக் கூறுவோரை நாம் அறிவோம். அவர்கள் வந்தவரிடம் ஒரு காசும் கேட்பதில்லை. கடைக்காரர் தருகிறார், தந்ததைச் சேலையின் விலையில் ஏற்றிக்கொள்கிறார். ஐயம்பேட்டையில் தறிக்குழியில் கால் வைத்து அந்தச் சேலையை நெய்தவருக்கு அதில் எதுவும் சேர்வதில்லை. கோ-ஆப்டெக்ஸ் கடையில் பண்டிகைக்காலத் தள்ளுபடியும் ஒரு சலுகைதான். ஆனால் அது பலகையில் எழுதப்படுகிறது, பில்லிலும் வருகிறது. இந்த வேற்றுமை சிறியதன்று.

வாலாஜாபாத் செல்லும் சாலையில் வயல்கள் மனைகளாக மாறியபின், பட்டுக்கு இருந்த வழக்கம் மண்ணுக்கும் வந்துவிட்டது. மனை வாங்கினால் தங்க நாணயம், பத்திரப்பதிவு இலவசம், தரகில் பாதி உங்களுக்கே என்கிறார்கள். 20 இலட்சம் ரூபாய் வீட்டுக்கு 2 விழுக்காடு தரகு என்றால் 40,000 ரூபாய். அதில் பாதியைத் தரகர் வாங்குவோருக்கே திருப்பித் தந்தால் குற்றமென்ன? தரகு அவர் உழைப்பின் கூலி. தன் கூலியை விட்டுக்கொடுக்க எவருக்கும் உரிமை உண்டு. எல்லாருக்கும் தெரிந்து கொடுக்கப்படும்வரை நான் அதில் குறை காணமாட்டேன்.

ஆயின் ஒரு மனைத் தரகரிடம், “இத்தனை கொடுப்பதற்கு விலையையே குறைக்கலாமே?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “விலையைக் குறைத்தால் அடுத்து வருகிறவரும் அதையே கேட்பார், சாமி” என்றார். இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்த நூலிலும் படித்ததில்லை. சலுகையின் வேலை விலையைத் தாழ்த்துவதன்று, உயர்ந்த விலையை உயர்ந்ததாகவே நிற்கவைப்பது.

அது மறைவில் நடக்கும்போது ஏமாறுவோர் பலர். 20 இலட்சம் என்று ஒப்பந்தம் எழுதி, விற்பவர் ஓர் இலட்சத்தை ரொக்கமாகத் திருப்பித் தருகிறார் என்று கொள்வோம். வீட்டின் மெய்யான விலை 19 இலட்சம். 30 இலட்சம் வரையிலான வீட்டுக்கடனில் மதிப்பில் 90 விழுக்காட்டுக்கு மேல் தரலாகாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கியோ 20 இலட்சத்தை நம்பி 18 இலட்சம் தருகிறது. தந்திருக்க வேண்டியது 17 இலட்சத்துப் பத்தாயிரம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாகிய 9 விழுக்காட்டைப் பத்திரத்தில் எழுதிய தொகைக்கே கட்டவேண்டும். எனவே கைக்கு வந்த இலட்சத்துக்காக வாங்கியவர் 9,000 ரூபாய் கூடுதலாகக் கட்டுகிறார். அதிகப்படியான கடனுக்கு ஆண்டுக்கணக்கில் வட்டியும் செலுத்துகிறார். பிரதமரின் வீட்டு வசதித் திட்டத்தில், 2022 வரை எளியோர்க்கு 6 இலட்சம் கடனுக்கு 6.5 விழுக்காடு வட்டி மானியம் தரப்பட்டது. அது கடன் கணக்கிலேயே வரவு வைக்கப்பட்டது. உதவி என்பதற்கு அதுவே இலக்கணம்.

குருமடத்தில் புனித தோமா அக்குவினாரின் ‘இறையியல் தொகுப்பில்’ விற்றல் வாங்கல் பற்றிய பகுதியைக் கற்றபோது ஒரு வினாவில் நெடுநேரம் நின்றோம். பஞ்சத்தில் வாடும் ஊருக்குத் தானியம் கொண்டுவரும் வணிகன், பின்னால் வேறு கப்பல்கள் வருவதைச் சொல்லக் கடமைப்பட்டவனா? சிசரோ எழுப்பிய பழைய வினா அது. சொல்வது மேலான நற்பண்பு; சொல்லாமை நீதிக்கு முரணாகாது என்பது அக்குவினாரின் முடிவு. அன்று எனக்கு அது உவப்பாக இல்லை. இன்று ஓரளவு புரிகிறது. வணிகன் விற்க வந்தவன் என்பது வாங்குவோருக்குத் தெரியும். எனவே விழிப்பாக இருப்பார்கள். தரகர் அப்படியல்லர். அவர் நம் பக்கத்தில் நின்று பேசுகிறார். நம் பக்கத்தில் நிற்பவரின் மௌனம் எதிரே நிற்பவரின் மௌனத்தைப் போன்றதன்று. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும், தன்னை அமர்த்தியவருக்குத் தெரியாமல் முகவர் அந்த அலுவலிலேயே தன் கணக்கில் வியாபாரம் செய்தால், அந்த ஆதாயத்தைக் கேட்டுப்பெறும் உரிமையை அமர்த்தியவருக்குத் தருகிறது. மனைவணிகத்துக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் கீழ்வரும் திட்டங்களில் தரகு செய்வோர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது. ஆனால் பதிவு செய்யாத தரகர்களும் உண்டு. என்னைப் போன்றவர்களைத்தான் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், எங்கள் பங்கைச் சேர்ந்த நெசவாளர் ஒருவர் ஒரு மனையைப் பற்றி என்னிடம் கருத்துக் கேட்டார். விற்பனையாளரை எனக்குத் தெரியும், நல்ல மனிதர் என்றேன். நிலத்தைப் போய்ப் பார்க்கவில்லை. பதிவு முடிந்த வாரத்தில் ஆலயத்துக்கு இருபது நாற்காலிகள் வந்து இறங்கின. பீடத்திலிருந்தே அந்த விற்பனையாளருக்கு நன்றி சொன்னேன். அது நன்கொடை என்றே நம்பினேன். அப்படி நம்புவது எனக்கு வசதியாகவும் இருந்தது. அடுத்த மழையில் மனையில் முழங்காலளவு நீர் நின்றது. பக்கத்து ஏரியின் நீர் வடியும் பள்ளம் அது. அவர் இன்னும் அங்கே வீடு கட்டவில்லை. தவணை மட்டும் கட்டிவருகிறார்.

என் சொல்லுக்கு விலை தரப்பட்டிருக்கிறது. அதை அவர்தான் தந்திருக்கிறார், அவருக்கே தெரியாமல். ஞாயிறு திருப்பலிக்கு வந்து அந்த நாற்காலிகளில் ஒன்றில்தான் அவர் அமர்கிறார். நான் இதுவரை அவரிடம் பேசவில்லை. இந்த இதழ் எங்கள் ஊருக்கு வந்து சேருமுன் பேசிவிட வேண்டும்.