பியூரெட்டில் ஒரு சிறு கோடு

பொய்ச்சாட்சி எழுதுவதற்கு நம் பிள்ளைகள் முறைப்படி பயிற்சி பெறும் இடம் ஒன்று இருக்கிறது. அது பிளஸ் டூ வேதியியல் ஆய்வகம். தனிக்கட்டணம் கிடையாது. அந்தப் பயிற்சியில் தேறாதவர் என்று யாரையும் நான் பார்த்ததில்லை.

செய்முறைத் தேர்வு நடக்கும் அறைக்குள் போய் நின்று பாருங்கள். உப்புப் பகுப்பாய்வுக்காக ஆளுக்கு ஒரு சிட்டிகை உப்பு, காகிதத்தில் மடித்தோ வாட்ச் கிளாஸில் வைத்தோ கொடுத்திருப்பார்கள். அதற்குள் என்ன இருக்கிறது என்று மாணவன் படிப்படியாகக் கண்டுபிடிக்க வேண்டும். இது ஏட்டில் உள்ள விதி. நடப்பது வேறு.

"அண்ணே, எனக்கு என்னண்ணே வந்திருக்கு?"

லேப் அட்டெண்டர் அண்ணன் வெளித் தேர்வாளர் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்துவார். "மூக்குகிட்ட வெச்சுப் பாரு தம்பி."

சுருக்கென்று நெடி ஏறும். அம்மோனியம். பையன் முகம் மலர்ந்துவிடும். உட்கார்ந்து மளமளவென்று எழுத ஆரம்பிப்பான். சோதனை, உற்றுநோக்கல், அறிவன என்று மூன்று பத்தி. சோடியம் கார்பனேட் சாறு தயாரித்ததாக எழுதுவான், தயாரித்திருக்க மாட்டான். சுடர் சோதனை செய்ததாக எழுதுவான். பர்னர் பக்கமே போயிருக்க மாட்டான். நெஸ்லர் கரணி ஊற்றியதும் பழுப்பு நிற வீழ்படிவு வந்தது என்று எழுதுவான். கரணிப் புட்டியில் தூசி படிந்தபடி இருக்கும். சொல்லப்போனால் அந்த அறையில் அன்று நேர்மையாக நடந்த ஒரே சோதனை, அவன் மோந்து பார்த்தது மட்டும்தான்.

அடுத்த மேசையில் தரம்பார்த்தல் நடக்கிறது. பியூரெட்டில் பொட்டாசியம் பெர்மாங்கனேட். கூம்புக் குடுவையில் 20 மில்லி பெரஸ் கரைசல். சொட்டுச் சொட்டாக விட்டு, வெளிர் இளஞ்சிவப்பு மறையாமல் நிற்கும் இடத்தில் குழாயை மூட வேண்டும். பெர்மாங்கனேட் அடர்நிறக் கரைசல் என்பதால் கீழ்ப்பிறை தெரியாது. மேல் விளிம்பைத்தான் கண்மட்டத்தில் வைத்துப் படிக்க வேண்டும். அழகான வேலை. கைக்கும் கண்ணுக்கும் பொறுமை கேட்கும் வேலை. ஆனால் பிள்ளைகளின் வாயில் ஓடுவது ஒரே எண்தான்: "சார் 19.6-னு சொல்லிட்டாரு." ஒருத்திக்கு 19.5 வந்திருக்கிறது. அடுத்த முறையும் 19.5. அழித்துவிட்டு 19.6 என்று எழுதுகிறாள், மூன்று வரியிலும். ஒத்த அளவீடு கிடைத்துவிட்டது.

"இதிலென்ன குடி முழுகிப்போச்சு? பிள்ளைக்கு மார்க் வரட்டுமே" என்பார்கள். சொல்பவர்களில் பாதிப்பேர், கோயில் சிலை பால் குடித்ததாக ஊரே கிளம்பியபோது கைகொட்டிச் சிரித்தவர்கள். சிலை பால் குடித்ததைக் கண்டேன் என்று சொன்னவனாவது எதையோ பார்த்தான்; ஸ்பூனில் பால் குறைந்ததைப் பார்த்துத் தப்பாகப் புரிந்துகொண்டான். நம் மாணவன் எதையும் பார்க்காமலே 'பழுப்பு வளையம் தோன்றியது' என்று எழுதுகிறான். இருவரில் பகுத்தறிவுக்கு அதிகத் தொலைவில் நிற்பவர் யார்?

பழுப்பு வளையம் என்றதும் ஞாபகம் வருகிறது. நைட்ரேட்டை உறுதிசெய்யும் சோதனை அது. கரைசலோடு புதிதாகத் தயாரித்த பெரஸ் சல்பேட்டைச் சேர்த்து, சோதனைக்குழாயைச் சாய்த்துப் பிடித்துச் சுவரோரமாக அடர் கந்தக அமிலத்தை வழியவிட்டால், இரண்டு திரவமும் சந்திக்கும் இடத்தில் வளையம் கட்டும். 'புதிதாகத் தயாரித்த' என்பதுதான் இதில் உயிர். பெரஸ் சல்பேட் கரைசலைத் திறந்து வைத்தால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதைப் பெரிக்காக மாற்றிவிடும், வெளிர்பச்சை மஞ்சளாகும். எத்தனையோ பள்ளிகளில் அலமாரியில் இருப்பது அந்த மஞ்சள் கரைசல்தான். அதில் வளையம் வராது. ஆனாலும் எல்லார் தாளிலும் வளையம் வந்திருக்கும். யாராவது ஒரு பிள்ளை 'வளையம் வரவில்லை' என்று எழுதினால், அந்தப் பிள்ளை ஆக்சிஜனேற்றத்தை நேருக்கு நேர் சந்தித்திருக்கிறது என்று பொருள். அதற்கு நாம் கொடுக்கும் மதிப்பெண் பூஜ்யம்.

ஏன் இப்படி ஆயிற்று என்பதில் பெரிய மர்மம் இல்லை. வேதியியலுக்கு 100 மதிப்பெண். எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. தேர்ச்சிக்கு 35 வேண்டும். அதில் எழுத்துத் தேர்வில் 15 எடுத்தால் போதும். மிச்சத்தைத் தள்ளிவிட செய்முறையும் அகமதிப்பீடும் இருக்கின்றன. மேல்தட்டில் இன்னொரு கணக்கு. பொறியியல் கட்-ஆஃப் 200-ல் வேதியியலின் பங்கு 50. அதாவது செய்முறையின் 20 மதிப்பெண், கட்-ஆஃபில் 10. அரை மதிப்பெண்ணில் கல்லூரி மாறிப்போகும் போட்டியில் எந்தத் தலைமையாசிரியர் 10-ஐப் பணயம் வைப்பார்? வெளித் தேர்வாளர் பக்கத்துப் பள்ளிக்காரர். இன்று அவர் இங்கே, நாளை இவர் அங்கே. மொய் மாதிரி, வைத்ததுதான் திரும்பி வரும். எழுத்துத் தேர்வும் யோக்கியம் இல்லை. புத்தகப் பாடத்தின் பின்னால் இருக்கும் ஒரு மார்க் கேள்விகளை வரிசை மாறாமல் மனப்பாடம் செய்து, கேள்வியின் முதல் இரண்டு சொல்லைப் பார்த்ததும் விடையைக் குறிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல மாட்டேன். கேட்டதைக் கொடுக்கிறார்கள்.

இப்போது அந்த 19.5-க்கு வருவோம். பியூரெட்டில் 19.5-க்கும் 19.6-க்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு சிறு கோடு. 20 மில்லியில் 0.1 மில்லி, அரை விழுக்காடு. இதைப் போய் ஒரு பாவம் என்கிறாயே என்று கேட்பவர்கள் ரேலேயின் கதையைக் கேட்க வேண்டும்.

ரேலே பிரபு இங்கிலாந்துக்காரர், இயற்பியலாளர். நைட்ரஜன் வாயுவின் அடர்த்தியைத் துல்லியமாக அளக்க உட்கார்ந்தார். காற்றிலிருந்து ஆக்சிஜனையும் மற்றதையும் நீக்கி எடுத்த நைட்ரஜன் லிட்டருக்கு 1.2572 கிராம். அம்மோனியா போன்ற சேர்மங்களிலிருந்து எடுத்த நைட்ரஜன் 1.2505 கிராம். வித்தியாசம் அதே அரை விழுக்காடு. நம் ஆய்வகமாக இருந்திருந்தால் சார் வந்து, "ரெண்டாவதை அழிச்சுட்டு முதலாவதையே எழுதுப்பா" என்றிருப்பார். ரேலே அழிக்கவில்லை. மறுபடி மறுபடி செய்தார், வித்தியாசம் போகவில்லை. 1892-ல் 'நேச்சர்' இதழுக்குக் கடிதம் எழுதி, இது ஏன் என்று எனக்குப் புரியவில்லை, யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று கேட்டார். 1894-ல் அவரும் வில்லியம் ராம்சேயும் சேர்ந்து விடையை அறிவித்தார்கள்: காற்றில் அதுவரை யாரும் அறியாத ஒரு தனிமம் இருக்கிறது. ஆர்கான். நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்கு அதுதான். கார்பன் டை ஆக்சைடைவிடப் பல மடங்கு அதிகம். 1904-ல் ரேலேக்கு இயற்பியலிலும் ராம்சேக்கு வேதியியலிலும் நோபல் பரிசு.

இன்னும் நூறாண்டு பின்னால் போனால் கேவண்டிஷ் என்ற விஞ்ஞானி. 1785-ல் அவர் காற்றில் மின்பொறி பாய்ச்சி நைட்ரஜன் முழுவதையும் கரைத்தெடுக்கப் பார்த்தார். கடைசியில் ஒரு சின்னக் குமிழி மட்டும் கரைய மறுத்தது; மொத்தத்தில் 120-ல் ஒரு பங்குக்கு மேல் இருக்காது என்று குறித்துவைத்தார். அது என்னவென்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. தெரியாததைத் தெரியாதபடியே எழுதி வைத்தார், அவ்வளவுதான். நூறாண்டு கழித்து ஆர்கானைத் தேடியவர்களுக்கு அந்த ஒரு வரி கைகொடுத்தது. ஆர்கான் நம் பிளஸ் டூ புத்தகத்தில் பாடமாக இருக்கிறது. அதன் எலெக்ட்ரான் அமைப்பை மாணவன் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வான். அதைக் கண்டுபிடித்துக் கொடுத்த குணத்தை, அதே புத்தகத்துக்கான செய்முறை அறையில், ரப்பரால் அழிக்கச் சொல்லிக் கொடுக்கிறோம்.

நம் பகுத்தறிவாளர்களிடமும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அறிவியல் படித்தால் மூடநம்பிக்கை தானாகக் கழன்றுவிடும் என்று மேடைதோறும் சொல்கிறோம். கோவை போத்தனூரில் வாழ்ந்த பி. பிரேமானந்த் (1930–2009) ஊர் ஊராகச் சென்று சாமியார்களின் அற்புதங்களைச் செய்துகாட்டி உடைத்தவர். அவற்றில் பல பள்ளி வேதியியல்தான். எலுமிச்சையை வெட்டினால் ரத்தம் வருகிறதா? கத்தியில் மெத்தில் ஆரஞ்சு தடவிக் காயவைத்திருப்பார்கள். எலுமிச்சையின் அமிலம் பட்டதும் சிவக்கும். பெர்மாங்கனேட் மேல் கிளிசரின் விட்டால் மந்திரம் சொல்லாமலே ஓமம் எரியும். அதே பெர்மாங்கனேட், அதே மெத்தில் ஆரஞ்சு நம் ஆய்வக அலமாரியிலும் இருக்கின்றன. மெத்தில் ஆரஞ்சு அமிலத்தில் என்ன நிறம் என்று கேட்டால் பையன் சரியாகக் குறிப்பான். மறுநாள் திருவிழாவில் எலுமிச்சையில் ரத்தம் வந்தால் கன்னத்தில் போட்டுக்கொள்வான். வீட்டில் ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்து சிவப்பதை மங்கலம் என்பான். மஞ்சள் ஒரு நிறங்காட்டி என்று எழுதி மார்க் வாங்கியதும் அவன்தான். அவன் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. வகுப்பில் ஆசிரியர் சொன்னதை ஏற்றான், திருவிழாவில் பூசாரி சொன்னதை ஏற்கிறான். இரண்டு இடத்திலும் அவன் செய்வது ஒரே வேலை. என் பேச்சையே அப்படியே நம்பாதே, உன் அறிவைக்கொண்டு யோசி என்று பெரியார் ஓயாமல் சொன்னதற்கு நேர் எதிரான வேலை. கறுப்புச் சட்டைக்கார ஆசிரியரும் செய்முறைக்கு இருபதுக்கு இருபது போட்டுவிட்டுத்தான் கூட்டத்துக்கு வருகிறார்.

அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று 1976-ல் 42-ஆவது திருத்தம் மூலம் அரசமைப்புச் சட்டத்தில் சேர்த்தோம். உலகில் வேறு யார் இப்படிச் செய்தார்கள் என்று பெருமை வேறு. அந்தக் கடமையைச் செய்துபார்க்கப் பிள்ளைக்குக் கிடைக்கும் அரசுத் தேர்வுகளில் ஒன்று இது.

பொய் அந்த அறையோடு நின்றால்கூடப் பரவாயில்லை. 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் இருமல் மருந்து குடித்த சிறு குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து அடுத்தடுத்து இறந்தார்கள், இருபதுக்கும் மேல். மருந்து தயாரானது காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது அதில் 48.6 விழுக்காடு டை எத்திலீன் கிளைக்கால் இருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 விழுக்காடு. கிட்டத்தட்ட ஐந்நூறு மடங்கு. இது பியூரெட்டின் சிறு கோடு அல்ல. சோதித்த எவர் கண்ணிலும் அறையும் எண். 1972-ல் சென்னையிலேயே இதே நஞ்சு கலந்த மருந்தால் குழந்தைகள் இறந்த வரலாறும் இருக்கிறது. மருந்துக்கான மூலப்பொருளைச் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும் என்று விதி உண்டு. அந்த ஆலையில் யார் எதைச் செய்தார், எதைச் செய்யாமல் விட்டார் என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். எனக்குத் தோன்றுவது வேறு. எந்த ஆய்வகத்திலும், எந்த மேசையிலும், சோதிக்காமலே 'சோதித்தேன், சரியாக இருக்கிறது' என்று கையெழுத்துப் போடும் ஒருவருக்கு அந்தக் கை எங்கே பழகியது? பதினேழு வயதில், வெள்ளைக் கோட்டு போட்டு, ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து, 20-க்கு 20 வாங்கிய நாளில் அல்லவா?

தேர்வையே எடுத்துவிடலாம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. சோதிக்கத்தான் வேண்டும், ஒழுங்காகச் சோதிக்க வேண்டும். பணம் இல்லை என்று சொல்லத் தேவையில்லாத சின்னச் சின்ன வேலைகளே போதும். இரண்டு பொட்டலத்தில் சமையல் சோடாவும் சலவை சோடாவும் கொடுங்கள், எது எது என்று கேளுங்கள். எப்படிக் கண்டுபிடித்தாய் என்று மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். நான்கு கிண்ணத்தில் பால் வையுங்கள், ஒன்றில் மாவு கலந்திருக்கட்டும், அயோடின் புட்டியைப் பக்கத்தில் வையுங்கள். சில ஆண்டு நான்கிலுமே எதுவும் கலக்காமல் வையுங்கள். நீலம் எதிலும் வரவில்லை என்று துணிந்து எழுதுபவர் எத்தனை பேர் என்று பார்க்கலாம். அலமாரியில் புதிய பெரஸ் சல்பேட்டையும் பழையதையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு, ஏன் ஒன்றில் வளையம் வந்தது, மற்றதில் வரவில்லை என்று கேளுங்கள். தரம்பார்த்தலில் சரியான விடைக்கு இருக்கும் மதிப்பெண்ணில் பாதியை எடுத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்ததை வந்தபடி எழுதிய தாளுக்குக் கொடுங்கள். 19.5, 19.8, 19.5 என்று எழுதி, நடுவில் கை தவறிவிட்டது என்று ஒரு வரி சேர்த்தவளுக்கு முழு மதிப்பெண்.

இன்னொன்று. பொட்டலங்களை மாவட்டத் தலைநகரில் எண் போட்டு ஒட்டி அனுப்ப வேண்டும். கேள்வித்தாளைக் கட்டுக்காவலோடு அனுப்பத் தெரிந்த துறைக்கு உப்பை அனுப்பத் தெரியாதா? எந்த எண்ணில் என்ன இருக்கிறது என்பது தேர்வு முடிகிற வரை மாணவனுக்கும் தெரியக் கூடாது, அட்டெண்டர் அண்ணனுக்கும் தெரியக் கூடாது, சாருக்கும் வெளித் தேர்வாளருக்கும் தெரியக் கூடாது. முதல் வருடம் சென்டம் வாங்குபவர் எண்ணிக்கை சரியும். செய்தித்தாள்கள் கல்வித்தரம் வீழ்ந்தது என்று தலைப்புப் போடும். பெற்றோர் மறியலுக்கு வருவார்கள். அமைச்சர் அசைந்துகொடுக்காமல் இரண்டு வருடம் தாங்க வேண்டும். மூன்றாம் வருடம் பள்ளிகள் தாமாகவே பெரஸ் சல்பேட்டைப் புதிதாகக் கரைக்கத் தொடங்கும்.